விஷக்காற்றுப் படம்

பத்தாம் வகுப்புப் பரீட்சைக்கு இரண்டு மாதம் இருக்கும்போது நான் வயதுக்கு வந்தேன். அதோடு படிப்பு போதும் என்று அப்பா சொல்லிவிட்டார். எங்கள் சொந்தத்தில் சமைந்த பெண் வாசல் தாண்டக் கூடாது. பாலவனத்தத்தில் முன்பக்கம் அவருடைய வத்தல் கடை, பின்பக்கம் வீடு. வெளியே போவதென்றால் அவர் உட்கார்ந்திருக்கும் கல்லாவைத் தாண்டித்தான் போக வேண்டும். அந்த மனிதரை அன்று வெறுத்தேன். இன்றும் அதில் குறைவில்லை.

சடங்கு வீட்டில் வீடியோ டெக் வாடகைக்கு எடுத்துப் படம் போடுவது அப்போது வழக்கம். என்னைத் தியேட்டர் பக்கமே விடாதவர், ஊர் மெச்ச வேண்டுமே என்று அருப்புக்கோட்டையிலிருந்து டெக்கும் டிவியும் வரவழைத்தார். சாமி படம் கேட்டிருந்தார். கேசட் உறைக்குள் இருந்ததோ ஏதோ வெளிநாட்டுப் படம். சொந்தக்காரர்கள் பத்து நிமிடத்தில் பந்திக்குக் கலைந்துவிட்டார்கள். அப்பா மட்டும் விடாமல் பார்த்தார். நான் மூலையில் பட்டுப்புடவையோடு புழுங்கிக்கொண்டிருந்தேன்.

பாஷை புரியவில்லை, புரியத் தேவையும் இல்லை. ஊருக்கு ஒதுக்குப்புறமாக ஒரு பெரிய வீடு. கேட்டுக்கு வெளியே விஷக்காற்று என்று பெண்டாட்டியையும் மகளையும் ஒருவன் நம்பவைத்திருக்கிறான். அவன் மட்டும் முகமூடி மாட்டிக்கொண்டு வெளியே போவான். ரோட்டுத் திருப்பத்தில் அதைக் கழற்றி மரக்கிளையில் தொங்கவிட்டு, டவுனில் நாலு பேரோடு சிரித்துப் பேசிக் காபி குடிப்பான். அப்பா தொடையைத் தட்டிச் சிரித்தார்.

"கெட்டிக்காரப் பய. குடும்பத்தக் கட்டிக் காக்கிறதுன்னா இப்படியில்ல காக்கணும்!"

கடைசியில் அந்த மகள் ஒருநாள் முகமூடி இல்லாமல் கேட்டைத் திறந்தாள். மூச்சை அடக்கிக்கொண்டு நாலு எட்டு வைத்தாள். முடியாமல் மூச்சை விட்டாள், இழுத்தாள். ஒன்றும் ஆகவில்லை. அவள் சிரிக்கத் தொடங்கியதும் அப்பா எழுந்து பிளக்கைப் பிடுங்கினார்.

பந்தி வேலைக்கு நடுவே படத்தை எட்டிப் பார்த்துப் போயிருந்த அம்மா, வேலை முடித்து வந்து, "அந்தப் புள்ளைக்கு என்னங்க ஆச்சு?" என்று கேட்டாள்.

"செத்துப்போச்சு" என்றார் அப்பா, என்னைப் பார்த்துக்கொண்டே. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பவருக்கு முகத்தில் ஒரு கூச்சமும் இல்லை.

பரீட்சைக்கு நாலு நாள் இருக்கும்போது டீச்சர் ஹால் டிக்கெட்டோடு வீடு தேடி வந்தார். "கண்டிப்பா அனுப்புறோம் டீச்சர்" என்று பவ்வியமாக வாங்கிக்கொண்டார் அப்பா. டீச்சர் தலை மறைந்ததும் அதை அம்மாவிடம் நீட்டி, "அடுப்புல போடு" என்றார். அம்மா வாங்கிக்கொண்டு உள்ளே போனாள். அவளையும் சேர்த்துத்தான் அன்று சபித்தேன்.

பரீட்சை அன்று காலை சமையற்கட்டில் அம்மா மெதுவாகக் கேட்டாள்.

"அந்தப் படத்துப் புள்ள நெசமாவே செத்துச்சா?"

"இல்லம்மா. சிரிச்சா."

அம்மா அரிசிப் பானைக்குள் கையை விட்டு ஹால் டிக்கெட்டை எடுத்தாள்.

கல்லாவைத் தாண்டும்போது கடையில் வியாபாரிகள் நாலைந்து பேர் இருந்தார்கள். அவர்கள் முன்னால் அப்பாவால் கத்த முடியவில்லை.

"ஏ பிள்ள, எங்க போற?" என்றார் பல்லைக் கடித்துக்கொண்டு.

"சாகப் போறேம்ப்பா" என்று சொல்லிவிட்டு பஸ்ஸுக்கு நடந்தேன்.