கெபின் போட்டின் பின்பலகை

1. போனில் இருந்த படம்

யுத்தம் முடிந்த அடுத்த வருடம் எங்கள் கரையில் வாய் உள்ள எல்லோரும் டூரிஸம் கதைத்தார்கள். மீன்வாடி வைத்திருந்தவன் கெஸ்ட் ஹவுஸ் என்று போர்ட் எழுதி மாட்டினான். சைக்கிள் கடைக்காரன் அலையில் சறுக்குகிற பலகையை வாடகைக்கு அடுக்கினான். நான் கல்முனைக்கு அடுத்த சாய்ந்தமருதில் போட் இன்ஜினும் பைபர் வேலையும் செய்கிற பாஸ்; எங்கள் பக்கம் தொழில்காரனை அப்படித்தான் கூப்பிடுவார்கள். என்னிடம் டூரிஸம் கதைக்க வந்தவர் நிஸ்தார்.

பதின்மூன்று வருடம் கட்டாரில் லொறி ஓட்டிவிட்டு வந்திருந்தார். கதிரையில் உட்கார முந்தியே போனை நீட்டினார். படத்தில் எங்கேயோ ஓர் ஆற்றில் ஒரு வெள்ளைப் போட். கண்ணாடி ஜன்னல், திரைச்சீலை, உள்ளே கட்டில், சமைக்கக் குசினி. மேல்தட்டில் ஒரு வெள்ளைக்காரி குப்புறப் படுத்துப் புத்தகம் வாசித்துக்கொண்டிருந்தாள்.

"இப்பிடி ஒண்டு வேணும் பாஸ். பழசெண்டாலும் பரவால்ல. பொத்துவில் களப்புல ஓட."

"கையில எவ்வளவு இரிக்கி?"

சொன்னார். அந்தக் காசுக்குச் சுமாரான ஒரு பழைய த்ரீவீல் வாங்கலாம். டயர் தனியாகப் பார்க்க வேண்டும்.

"இதுக்கு நீங்க வீட்டத்தான் விக்கணும்."

"வீடு பொஞ்சாதிட. சீதனம்."

"அப்ப படத்த மட்டும் வெச்சிரிங்க."

அவர் சிரிக்கவில்லை. சீசன் தொடங்க இரண்டு மாதம் இருந்தது. அதற்குள் ஊரில் ஒரு தொழில் இல்லையென்றால் திரும்பவும் விசா என்றார். கட்டார் முதலாளி நாள்தோறும் போனில் கோல் எடுக்கிறானாம். "நான் வந்து இறங்கின அண்டைக்கு என்ட சின்ன மகள் என்னப் பாத்து வாப்பா எண்டாம மாமாண்டு கூப்பிட்டா பாஸ். இன்னொருக்காப் போய் வந்தா அதுவும் கூப்பிட மாட்டா."

போட் பார்க்கக் கூட வருகிறேன் என்று சொல்லிவிட்டேன்.

2. பஸ்ஸும் கோழியும்

எங்களுக்குப் போட் காட்டிய தரகர் லத்தீப்பைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அந்த மனிதன் விற்கிற எந்தப் பொருளும் பத்து மணித்தியாலத்துக்கு மேல் ஓடியிருக்காது. இருபது வருடப் பழைய இன்ஜின் என்றாலும் பத்து மணித்தியாலம்தான். கேட்டால் வல்லாஹி என்று சத்தியம் பண்ணுவார்.

முதல் போட் பொத்துவிலில், கடலோரம் தேங்கி நிற்கிற அந்தக் களப்பின் கரையில் நின்றது. போட் என்று சொல்வது மரியாதைக்கு. இரண்டு மீன்பிடிப் போட்டை ஒட்டி, மேலே ஒரு பிரைவேட் பஸ்ஸின் உடம்பைத் தூக்கி வைத்திருந்தார்கள். சீட் நம்பர் அழியவில்லை. கொண்டக்டர் அடிக்கிற மணிக்கயிறும் அப்படியே இருந்தது. லத்தீப் அதைப் பிடித்து இரண்டு தரம் இழுத்தார். மணி நன்றாக வேலை செய்தது.

"கெபின் கேட்டீங்க, கெபின் இரிக்கி. ஏறி இறங்க ஃபுட்போர்டும் இரிக்கி. வேற என்ன வேணும்?"

"இது ஓடாது, தாழும்," என்றேன்.

"தாழ்ந்தாத்தான் என்ன பாஸ்? களப்புல இடுப்பளவு தண்ணிதானே."

"அந்த இடுப்பளவுலதான் முதலை படுத்திரிக்கி."

இரண்டாவது, மட்டக்களப்புப் பக்கம் ஒரு தென்னந்தோட்டத்தில். கெபினுக்குள் பத்துப் பன்னிரண்டு கோழி. இன்ஜின் பெட்டியைத் திறந்தேன். இன்ஜினைக் காணவில்லை, முட்டை இருந்தது. வீட்டுக்காரப் பெண்மணி இடுப்பில் கைவைத்து நின்று, "போட்டக் கொண்டு போங்க. ஆனா என்ட கோழிக்குக் கூடொண்டு கட்டித் தந்துபோட்டுத்தான் போகணும்," என்றார். நிஸ்தார் கூடு எத்தனை அடி என்று விசாரிக்கத் தொடங்கிவிட்டார். நான் அவரைப் போட்டுக்கு அடியில் குனியவைத்து மேலே பார்க்கச் சொன்னேன். ஓட்டையால் தென்னை மரம் தெரிந்தது.

இப்படியே ஒரு மாதம் போனது. நிஸ்தாருக்குக் கட்டார் கோல் வருவதும் நிற்கவில்லை. முதலில் எடுத்த உடனே வெட்டுவார். பிறகு பிறகு, எழுந்து தூரப் போய்க் கதைக்கத் தொடங்கினார்.

3. தறப்பாளுக்குள்

மூன்றாவது போட் ஒரு மீனவர் சங்கத்தின் வளவுக்குள் நீலத் தறப்பாள் போர்த்தி நின்றது. லத்தீப் தறப்பாளை உரித்தார். பளிச்சென்ற வெள்ளை. இழுத்துத் திறக்கிற கண்ணாடி, எதிரெதிரே இரண்டு படுக்கை, கைகழுவ ஒரு பேசின்கூட. விலையும் நிஸ்தாரின் கைக்குள் நின்றது.

"மாஷா அல்லாஹ்," என்று நிஸ்தார் போட்டைச் சுற்றிச் சுற்றி வந்து தடவினார்.

"கொழும்புக் கொம்பனி செஞ்ச சாமான்," என்றார் லத்தீப். "சுனாமியில கடல் வந்த நேரம் வெளிநாட்டுக்காரர் சும்மா குடுத்த போட். மறுகா சங்கம் கெபின் அடிச்சது. வல்லாஹி, பத்து மணித்தியாலம் ஓடல்ல."

போட் பார்க்கப் போனால் நான் கெபினைப் பார்ப்பதில்லை. நேரே பின்பலகைக்குப் போவேன். இன்ஜினைக் கொளுவி மாட்டுகிற பலகை அதுதான். தொழிலில் ட்ரான்சம் என்போம். பைபருக்குள் மூடியிருக்கிற பிளைவூட். அது ஈரத்தில் உக்கினால் ஓடும்போது இன்ஜின் பலகையோடு பிய்ந்து தண்ணீருக்குள் போகும், அந்த ஓட்டையால் தண்ணீர் போட்டுக்குள் வரும்.

ஸ்க்ரூட்ரைவர் பிடியால் தட்டினேன். நல்ல பலகை 'டக்' என்னும். இது 'பொத்' என்றது. உள்பக்கம் பெயின்ட் பொருக்கு விட்டிருந்தது. நகத்தால் உரித்தேன். பெயின்டுக்குக் கீழே ரெசின் கண்ணாடிபோல் இருந்தது. அதற்குள், கறுப்பு மார்க்கரில், 786.

எங்கள் பக்கம் பைபர் போடுகிற பாஸ்மார் பின்பலகையை மூட முந்தி அதில் 786 எழுதுவார்கள். அல்லாஹ்வின் பெயரால் என்று தொடங்குகிற பிஸ்மியின் எண். மேலே ரெசின் ஊற்றினால் அது காலத்துக்கும் அழியாது. எழுதுகிறவன் ஆயிரம் பேர். ஆனால் ஏழுக்கு வயிற்றில் ஒரு கோடு போடுகிறவன் எங்கள் கரையில் ஒருவன்தான். அவன் அப்போது அந்தப் போட்டுக்குப் பின்னால் ஸ்க்ரூட்ரைவரோடு குந்திக்கொண்டிருந்தான்.

4. ரிப்பன்

கடல் வந்தபோது என் ஷெட்டும் போனது, ஷெட்டில் நின்ற என் தம்பியும் போனான். மூன்று மாதம் நான் ஆளாக இல்லை. பிறகு ஒரு நிறுவனத்தின் கோடினேட்டர் வந்தார். நாற்பது போட் வேண்டும், ஐந்து வாரத்துக்குள் வேண்டும், கையளிக்கிற நாளில் வெளிநாட்டிலிருந்து ஆட்கள் வருகிறார்கள் என்றார். போட்டுக்கு உரிய மெரைன் பிளைவூட் அப்போது எங்கும் இல்லை. ஆனால் ஊர் முழுக்க வீடு எழும்பிக்கொண்டிருந்தது. கூரைக்குக் கொங்கிறீட் சிலெப் போட அடியில் கொடுக்கிற பலகை மலைபோல் குவிந்து கிடந்தது.

"இது தண்ணிக்கு நிக்காது சேர்," என்றேன். ஒரே ஒரு தரம்தான் சொன்னேன்.

"பாஸ், ரிப்பன் வெட்டி போட்டோ எடுக்கிற மட்டும் மிதந்தாப் போதும்," என்றார்.

எனக்கும் அது போதுமாகத்தான் இருந்தது. நாற்பது பலகையிலும் நாற்பது தரம் 786 எழுதினேன். பலகையில் நான் செய்த களவை மேலே இருக்கிறவன் பார்த்துக்கொள்ளட்டும் என்கிற மாதிரி. இரண்டு வருடத்தில் ஆட்கள் இன்ஜின் ஆடுகிறதென்று வந்தார்கள். பெரிய இன்ஜினைக் கொளுவினால் ஆடாமல் என்ன செய்யும் என்று அவர்களையே ஏசி அனுப்பினேன்.

5. பேர்

"என்ன பாஸ், எடுப்பமா?" என்றார் நிஸ்தார். கட்டார் போன் அடித்தது. இந்த முறை எடுக்கவில்லை, வெட்டிவிட்டார். முகம் முழுக்கச் சிரிப்பு.

"வேணாம்" என்று சொல்லிவிட்டு வேனில் ஏறியிருக்கலாம். ஏன் என்று கேட்டால் ஏதாவது சொல்லியிருக்கலாம்; பாஸ் சொன்னால் நிஸ்தார் கேட்பார். ஆனால் நாளைக்கே லத்தீப் இன்னொருவனுக்கு இந்தத் தறப்பாளை உரித்துக் காட்டுவார்.

"பின்பலகை உக்கிட்டு. உள்ளுக்குப் போட்டது சிலெப் பலகை."

"உங்களுக்கு எப்பிடித் தெரியும்?" என்று பாய்ந்தார் லத்தீப். "இது கொழும்புக் கொம்பனி..."

"நான்தான் போட்டன்."

லத்தீப்புக்கு அரை நிமிடம்தான் பிடித்தது. "அப்ப இன்னும் நல்லந்தானே! ரிப்பேருக்குத் தூரம் போகத் தேவல்ல."

நிஸ்தார் என் பக்கம் திரும்பினார். "எத்தின போட் இப்பிடிச் செஞ்சீங்க?"

"நாப்பது."

"கடலுக்குப் போனவன் ஆராச்சும் திரும்பி வராம இரிக்கானா?"

"தெரியாது," என்றேன். அதுதான் உண்மை. விசாரிக்கவே பயந்து இருந்தவனுக்கு எப்படித் தெரியும்?

சங்கம் விலையை இறக்கியது; நிஸ்தார் வாங்கினார். போட்டை என் ஷெட்டுக்கு இழுத்து வந்தோம். மெரைன் பிளைவூட்டும் கூலியும் என்னுடையது என்று நானே சொன்னேன். போட் அந்த சீசனிலேயே களப்பில் ஓடியது. வெள்ளைக்காரர் கரையில் நிற்கிற யானை பார்க்க ஏறினார்கள், முன்னால் நிஸ்தாரின் சின்ன மகள் உட்கார்ந்து, "வாப்பா, அங்க, அங்க," என்று கைகாட்டினாள். மற்ற முப்பத்தொன்பதையும் தேடித் திரிந்தேன். பதினொன்று கிடைத்தது, அவற்றுக்கும் பலகை மாற்றினேன். மிச்சத்தைக் கேட்டால் ஆட்கள் கடலைக் காட்டுகிறார்கள்.

தொழிலுக்கு வருகிற தம்பிமாருக்கு நான் சொல்ல நினைத்தது நிஸ்தாரின் போட்டுக்குப் பின்பலகையை மூடிய அந்தப் பின்னேரத்தைப் பற்றித்தான். புதுப் பலகையை இறுக்கிவிட்டு, பழக்கத்தில் மார்க்கரை எடுத்தேன். நிஸ்தார் என் கையைப் பிடித்தார்.

"பிஸ்மிய வாயால சொல்லுங்க பாஸ். பலகையில உங்கட பேர எழுதுங்க. போன் நம்பரையும் எழுதுங்க."

மார்க்கரைக் கீழே வைத்தேன். ஸ்பெனரை எடுத்து, இறுக்கிய பலகையைத் திரும்பக் கழற்றி, நாலு ஓரமும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டுத்தான் பேரை எழுதினேன். 786 எழுதிய நாற்பது பலகையில் ஒன்றையும் அப்படிக் கழற்றிப் பார்த்ததில்லை.