மூத்தார் தேடிய தராசு

நகைக்கடையில் மூக்குத்தியை நிறுக்கும் மின்னணுத் தராசைப் பார்த்தால் எனக்கு என் மூத்தார் ஞாபகம்தான் வரும். என் கணவரின் அண்ணன். செத்துப் பல வருஷமாகியும் எனக்கு எரிச்சல் தணியவில்லை. இப்படி ஒரு தராசு அறுபதுகளில் இருந்திருந்தால் அதிலும் ஏதாவது குற்றம் கண்டுபிடித்திருப்பார்.

எங்கள் ஊர் முசரவாக்கத்தில் துப்பாக்கி லைசென்சு இருந்தது அவர் ஒருவரிடம்தான். பயிரைக் காப்பதற்கென்று சர்க்கார் கொடுத்தது. அந்த வருஷம் காட்டுப்பன்றிகள் வேர்க்கடலைக் கொல்லைகளைக் கிளற ஆரம்பித்தன. எங்கள் கொல்லை ஊர்க்கோடியில் இருந்தது. என் கணவர் பிள்ளையார்பாளையத்துக்குத் தறி நெய்யப் போய்விடுவார். கொல்லை என் பொறுப்பு. விதைக்கடலையை நகம் பிய்ந்துபோக நானே உரித்து விதைத்திருந்தேன். காய் முற்றுகிற சமயத்தில் மூத்தாரிடம் போய் நின்றேன்.

"சுடலாம்மா. குண்டெல்லாம் ஒரே எடையா இல்லன்னா கோணிக்கினு போவும். நல்ல தராசு ஒண்ணு வாங்கியாந்துடறேன்" என்றார்.

ஈயத்தை உருக்கிக் குண்டு வார்ப்பது வீட்டிலேயே நடந்தது. அதற்கு என் தாளிக்கும் கரண்டியை எடுத்துக்கொண்டார். அதில் பிறகு நான் தாளிக்கவே இல்லை. தராசுக்காக வெள்ளைச் சட்டையை இஸ்திரி போட்டு மாட்டிக்கொண்டு வாராவாரம் காஞ்சிபுரம் போனார். மளிகைக்கடைத் தராசு புளி நிறுக்கத்தான் லாயக்காம். சரிகை வியாபாரியின் தராசில் முள் சோம்பேறியாம். சோம்பேறித்தனத்தைப் பற்றிப் பேச ஊரிலேயே தகுதியான ஆள் அவர்தான். கடைசியில் மரப்பெட்டியோடு, பொன் நிறுக்கும் தட்டான் தராசு ஒன்று வந்தது. அதன் முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்து, குண்டு குண்டாக நிறுத்து, மயிரிழை கூடினாலும் குறைந்தாலும் மறுபடி உருக்கினார். அதற்குள் பக்கத்துக் கொல்லைகள் இரண்டு போய்விட்டன. நாங்கள் பன்றியை விரட்டத் தகரம் தட்டிக்கொண்டிருந்தோம்.

ஆயுத பூஜை வந்தது. துப்பாக்கி, தராசு, தேறிய குண்டுகள் எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம் வைத்துச் சாமி முன்னால் பரப்பியிருந்தார். பொழுது சாயும் நேரத்தில் பன்றிகள் எங்கள் வரப்பருகே வந்து நின்றதைப் பார்த்து ஓடினேன். அவர் பொரி தின்றுகொண்டிருந்தார்.

"சாமிக்கு வெச்சத இன்னிக்கு எப்படிம்மா தொடறது? காலைல எடுத்துக்கினு வரேன்."

சொன்னபடி காலையில் வந்தார். குங்குமப் பொட்டோடு துப்பாக்கி தோளில் இருந்தது. கொல்லை முழுக்கக் குழி குழியாகக் கிடந்தது. அவர் குனிந்து ஒரு குளம்புத் தடத்தை விரலால் அளந்து பார்த்தார்.

"பெரிய உருப்படியா இருக்குது. இந்த எடை பத்தாதும்மா. இன்னும் கனமா வார்க்கணும்."

"வார்த்துக்கினே இருங்க மாமா" என்று சொல்லிவிட்டு, மண்ணில் மிஞ்சிய காய்களைப் பொறுக்க உட்கார்ந்தேன். அடுத்த வருஷ விதைக்குக்கூட அது தேறவில்லை. கொல்லையைத் தரிசு போட்டுவிட்டு நானும் பிள்ளையார்பாளையத்துக்குப் பட்டு நூல் சுற்றப் போனேன்.

அவர் செத்தபோது ஊரே கூடியது. மற்றப் பெண்களோடு நானும் முறைக்கு ஒப்பாரி வைத்துக்கொண்டிருந்தேன். "ஒரு குண்டக்கூட வீணாக்காத மனுஷன்பா" என்று வாசலில் ஒரு பெரியவர் சொன்னது காதில் விழுந்தது. எழுந்து முந்தானையை உதறிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.