காலியாக விட்ட வரி

அலுவலகத்தில் அவளுக்குச் 'சுருக்கு' என்று பெயர். ஃபோன் செயலிகளைத் தமிழாக்குகிற அலுவலகம். ஆங்கிலத்தில் அடக்கமாக உட்கார்ந்திருக்கும் பட்டன் எழுத்து, தமிழுக்கு வந்ததும் கட்டத்துக்கு வெளியே கால் நீட்டிப் படுத்துக்கொள்ளும். அதைச் சுருக்கி உள்ளே அடக்குவது அவள் வேலை. இந்த முறை வந்தது ஆஸ்பத்திரிகளுக்காக ஜாவாஸ்கிரிப்ட் என்ற கணினி மொழியில் எழுதிய செயலி. உள்ளே நோயாளி எப்படி இருக்கிறார் என்று வெளியே காத்திருப்பவர்களின் ஃபோனுக்குச் சொல்லும்.

புருஷன் விபத்தில் போனதிலிருந்து அவளுக்கு எல்லாம் மரத்துக் கிடந்தது. 'அறுவை சிகிச்சை நடக்கிறது', 'கவலைக்கிடம்' என்று எதையும் மளமளவென்று எழுதிப் போனாள். ஒரு பாட்டம் அழுதால் தேவலை என்பாள் மாமியார். அழுகை என்ன, கூப்பிட்டால் வருமா? 'இறந்துவிட்டார்' என்று எழுத வேண்டிய வரியில் மட்டும் கை நின்றது. அந்தச் சொல்லைத்தான் விபத்து நடந்த அன்றைக்கு முன்பின் தெரியாத ஒருவன் ஃபோனில் சொன்னான். அப்புறம் பார்க்கலாம் என்று தாண்டிப் போனாள்.

"எதையும் காலியா விட்டுடாதீங்கக்கா. தமிழ் இல்லன்னா, புரோகிராமுக்குள்ள அந்த வரிக்கு வச்ச, நடுவுல புள்ளி போட்ட இங்கிலீஷ் பேரையே திரையில காட்டிடும்" என்று புரோகிராமர் சொல்லியிருந்தான்.

"பாத்துக்கறேன்பா" என்றாள். பார்க்கவில்லை. இருந்த அவசரத்தில் வேறு யாரும் பார்க்கவில்லை. செயலி வெளியே போய்விட்டது.

மாமனாருக்கு மூச்சுத்திணறல் வந்து சேர்த்தது அந்தச் செயலி ஓடும் ஆஸ்பத்திரியில்தான். தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு வெளியே மாமியார் ஃபோனை மடியில் வைத்துக்கொண்டு, மாறி வந்த ஒவ்வொரு வரியையும் வாய்விட்டுப் படித்தாள். அந்த நிலைமையிலும் பக்கத்து நாற்காலிக்காரியிடம் ஒரு பெருமை.

"எம் மருமக எழுதினது. எனக்கே புரியுது பாருங்க."

டாக்டர் வெளியே வருவதற்குள் ஃபோன் சிணுங்கியது. காலம் அப்படி. சாவுச் செய்தியைக்கூட மனுஷர் வாயால் கேட்கக் கொடுத்துவைக்கவில்லை.

"இதென்னம்மா, ஏதோ இங்கிலீஷ்ல வந்திருக்கு? நடுவுல ஒரு புள்ளி வேற. இவ்வளவு நேரம் தமிழ்லதானே வந்துச்சு?"

வாங்கிப் பார்த்தாள். தாண்டிப் போன அதே வரி. மகன் போனதையும் இவள் வாய் திறந்து அத்தையிடம் சொன்னதில்லை. அழைப்பு வந்த ஃபோனை அப்படியே நீட்டிவிட்டு நின்றாள், அவ்வளவுதான். இன்றைக்கு நீட்டுவதற்குத் தமிழில் ஒரு வரி இல்லை.

ஃபோனைக் கவிழ்த்து வைத்தாள்.

"மாமா போயிட்டாரு அத்தை."

அத்தை அலறிக்கொண்டு அவள் கையைப் பிடித்தாள். அவளுக்கு அப்போதும் அழுகை வரவில்லை. அத்தையின் வளையல் மணிக்கட்டில் அழுந்தி வலித்தது. வலிக்கிறது என்று அவளுக்குத் தெரிந்தது. கையை எடுக்காமல் அப்படியே உட்கார்ந்திருந்தாள்.