இரண்டு விநாடி

நூல் ஆலையின் ஜெனரேட்டர் அறையில் முப்பத்தோரு வருடம் நின்றவருக்குக் காது என்ன ஆகுமோ அதுதான் அவருக்கும் ஆகியிருந்தது. இடது காது சுத்தமாகப் போய்விட்டது. வலது காதருகே கத்தினால் பாதி விழும்; மீதியை எதிராளியின் முகத்தைப் பார்த்து அவரே நிரப்பிக்கொள்வார். ஆலையில் அவருக்கு ஃபியூஸ் என்று பெயர். கோபம் வந்தால் கத்தமாட்டார், பட்டென்று பேச்சை அணைத்துவிட்டுப் போய்விடுவார் என்பதால் வந்த பெயர். ஓய்வு பெற்ற பிறகு அந்தப் பெயரும் கூடவே தெருவுக்கு வந்து சேர்ந்தது.

வீட்டில் அவருடைய காது அவர் மனைவிதான். வாசலில் மணி அடித்தது, அடுப்பில் பால் பொங்குகிறது, மகள் போனில் அழைக்கிறாள் என்பதெல்லாம் அவள் தோளைத் தட்டிச் சொன்னால்தான் அவருக்கு நடந்தவை. சொல்லாவிட்டால் அவை நடக்கவே இல்லை.

ஓய்வு பெற்ற ஆறாம் மாதம், பழைய ரேடியோவுக்குப் பாகம் தேடிப் போன எலக்ட்ரானிக்ஸ் கடையில், கடைக்காரர் ஒரு சின்னப் பலகையை உள்ளங்கையில் வைத்துக் காட்டினார். கட்டைவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரியது. ஒரு முனையை அப்படியே கம்ப்யூட்டரின் யூஎஸ்பி துளையில் செருகலாம். நடுவில் எட்டுக் கால் வைத்த ஒரு கறுப்புச் சில்லு.

"இதுக்குள்ள நீங்க என்ன எழுதி வெக்கறீங்களோ அதைச் செய்யும் அண்ணே. லைட்டு எரியச் சொன்னா எரிய வெக்கும். கீபோர்டு மாதிரி டைப் அடிக்கச் சொன்னா தானே அடிக்கும். எதிர்த்து ஒரு வார்த்தை பேசாது."

"அப்படி ஒண்ணு எங்க வீட்டுக்கு ரொம்ப நாளா வேணும்" என்று சொல்லி இரண்டாக வாங்கிக்கொண்டு வந்தார்.

அதிலிருந்து அவருக்குப் பைத்தியம் பிடித்தது. சாப்பாட்டு மேசையின் பாதியில் சால்டரிங் கம்பி, ஈயச் சுருள், நிறம் நிறமாக ஒயர். பலகைகளுக்கு அவர் மனைவி வைத்த பெயர் பூச்சி. "உங்க பூச்சியை எடுத்து அந்தப் பக்கம் வைங்க, தட்டு வெக்கணும்." செருகியவுடன் அந்தப் பலகை ஐந்து விநாடி எதுவும் செய்யாது, புதிதாக யாராவது எழுதப் போகிறார்களா என்று காத்திருக்கும். யாரும் எழுதவில்லை என்றால்தான் உள்ளே ஏற்கெனவே இருப்பதைத் தொடங்கும். இதை அவர் விளக்கிச் சொன்னபோது அவள் சிரித்தாள். "பரவால்லையே. உங்களைக் கூப்பிட்டா அஞ்சு நிமிஷம் ஆகுது."

தண்ணீர்த் தொட்டி நிரம்பினால் விளக்கு எரிய ஒரு கருவி செய்தார்.

"தொட்டி நிரம்பினா தண்ணி விழற சத்தம் கேக்கும். அதுக்கு எதுக்கு ஒரு லைட்டு?"

"எனக்குக் கேக்காதே."

"எனக்குக் கேக்குதில்ல. நான் எதுக்கு இருக்கேன்?"

அந்தக் கருவி பாதியில் நின்றது. செடிக்குத் தண்ணீர் ஊற்றும் கருவியும் பாதியில் நின்றது. ஏழு வருடத்தில் ஒரு பிஸ்கட் டப்பா நிறையப் பூச்சிகள் சேர்ந்தன. முழுதாக முடிந்தது ஒன்றுகூட இல்லை. அந்த வீட்டில் எதுவும் அவற்றுக்காகக் காத்திருக்கவில்லை.

எட்டாம் வருடம் அவளுக்குப் பக்கவாதம் வந்தது. வலது பக்கம் போனது, பேச்சும் போனது. இடது கையில் இரண்டு விரல்கள் மட்டும் அசையும், அதுவும் நடுக்கத்தோடு. கண்ணை ஒருமுறை மூடித் திறந்தால் ஆமாம், இரண்டு முறை என்றால் இல்லை. ஆஸ்பத்திரியில் இருந்த இரண்டு வாரத்தில் மகள் கற்றுக்கொடுத்தது அது.

மகள் நான்கு மணி நேர பஸ் தூரத்தில் வேறு ஊரில் இருந்தாள். வேறொரு ஆஸ்பத்திரியில் ரத்தப் பரிசோதனைப் பிரிவில் வேலை. எதையும் சுற்றி வளைத்துப் பேசத் தெரியாதவள்.

"அப்பா, அம்மாவால கூப்பிட முடியாது. கூப்பிட்டாலும் உங்களுக்குக் கேக்காது. நீங்க ரெண்டு பேரும் ஒரு வீட்டுல எப்படி இருப்பீங்க?"

"இருப்போம்."

"எங்க வீட்டுல மாமியார் ரூம்ல இன்னொரு கட்டில் போடலாம். அம்மாவுக்கு இடம் இருக்கு." உங்களுக்கு இல்லை என்பதை அவள் சொல்லவில்லை. இரண்டு அறை வீடு. சொல்லத் தேவையும் இல்லை.

"ஒரு வாரம் குடு. அவ கூப்பிட்டா எனக்குத் தெரியற மாதிரி செஞ்சு காட்டறேன்."

ஏழு வருடத்தில் முடியாதது நான்கு நாளில் முடிந்தது. அவள் இடது கை அருகே, மெத்தையில் தைத்த ஒரு துணிப்பையில் பெரிய பொத்தான். கட்டிலின் தலைமாட்டில் ஒரு பூச்சி, போன் சார்ஜரில் செருகியது. அங்கிருந்து சுவரோரமாக ஒயர் ஓடி, சமையலறையில் ஒரு சிவப்பு விளக்கு, மேசைமேல் ஒரு சிவப்பு விளக்கு. பொத்தானை அழுத்தினால் இரண்டும் எரியும். இரவில் அவர் அதே அறையில், அவள் கை எட்டும் தூரத்தில் படுத்துக்கொள்வார். மகள் பொத்தானைப் பத்து முறை அழுத்திப் பார்த்தாள். பத்து முறையும் எரிந்தது.

"சரி. பாக்கறேன். ஆனா ஒரே ஒரு தடவை ஏதாவது ஆச்சுன்னா, நான் கேட்டுக்கிட்டு நிக்கமாட்டேன். கூட்டிட்டுப் போயிடுவேன்."

முதல் மாதம் அந்த விளக்கு அவரை ஓட ஓட விரட்டியது. காலையில் சமைக்க நின்றால் எரியும். கரண்டியோடு ஓடுவார். "தண்ணியா? திரும்பிப் படுக்கணுமா? ஃபேனா?" ஒவ்வொன்றுக்கும் அவள் கண்ணை இரண்டு முறை மூடுவாள். பிறகு அவரையே பார்ப்பாள். திரும்பி வந்து உப்புப் போட்டோமா இல்லையா என்று யோசிக்கும்போது மறுபடி எரியும். ஒரு நாளைக்கு முப்பது, நாற்பது தடவை. அறுபத்தைந்து வயது முழங்காலுக்கு அது அதிகம். ஒருநாள் வாசற்படியில் நின்று, "என்னதான் வேணும் உனக்கு?" என்று கேட்டுவிட்டார். தனக்கே கேட்கும் அளவுக்குச் சத்தமாக. அவள் கண்ணை மூடவில்லை.

இந்த வேலையில் இருக்கிறவர்களுக்கெல்லாம் தெரிந்த ஒரு கோளாறு உண்டு. பொத்தானை அழுத்தும்போது உள்ளே இருக்கிற தகடு துள்ளும். ஒரு தடவை அழுத்தினால் பலகைக்குப் பத்துத் தடவை மாதிரித் தெரியும். அதனால் பலகையிடம், ரொம்பச் சின்ன அழுத்தத்தைக் கணக்கில் எடுக்காதே என்று எழுதி வைப்பார்கள். அவள் விரல் நடுக்கமும் அப்படித்தான் என்று அவர் முடிவு செய்தார். முதலில் கால் விநாடி வைத்தார். விளக்கு எரிவது கொஞ்சம் குறைந்தது. அரை விநாடி வைத்தார். ஒரு விநாடி. எவ்வளவு வைத்தால் சரியாக இருக்கும் என்று கண்டுபிடிக்க, ஒவ்வொரு அழுத்தமும் எவ்வளவு நேரம் நீடித்தது என்று பலகை தன் ஞாபகத்தில் குறித்து வைத்துக்கொள்ளவும் எழுதினார். கடைசியில் இரண்டு விநாடியில் நிறுத்தினார். அவளிடமும் சொன்னார்: "அழுத்திப் பிடிக்கணும். ஒண்ணு, ரெண்டு. சரியா?" கண்ணை ஒருமுறை மூடினாள்.

விளக்கு அடங்கிவிட்டது. நாளைக்கு ஐந்து முறை, ஆறு முறை. போனால் நிஜமாகவே தண்ணீர் வேண்டியிருக்கும்.

பெருமை தாங்காமல் கடைக்காரரிடம் போய்ச் சொன்னார். அவர் நெற்றியைச் சொறிந்துகொண்டு, வலது காது பக்கம் வந்து, "ரெண்டு செகண்டா? அது ரொம்ப அதிகம் இல்லையா அண்ணே?" என்றார்.

"வேணும்னா பிடிப்பா. நாப்பது வருஷமா அவ பிடிச்சதை விட்டு நான் பாத்ததில்லை."

கடைக்காரர் சிரித்தார். இவரும் சிரித்தார்.

அது நடந்தது ஒரு மதியம். அவளுக்குச் சாப்பாடு ஊட்டி, வாய் துடைத்து, முதுகுக்குத் தலையணை கொடுத்துவிட்டு மேசைக்கு வந்தார். டப்பாவிலிருந்து இன்னொரு பூச்சியை எடுத்து வைத்துக்கொண்டு, ஃபேனை அவளே போட்டு அணைக்க ஒரு கருவிக்கு ஈயம் வைக்கத் தொடங்கினார். சிவப்பு விளக்கு ஒரு முழம் தள்ளித்தான் இருந்தது. நடுநடுவே நிமிர்ந்து அதைப் பார்த்துக்கொண்டார். ஒரு தடவைகூட எரியவில்லை. நன்றாகத் தூங்குகிறாள் என்று நினைத்தார். இரண்டு மணி நேரம். அந்த மூன்று மாதத்தில் அவ்வளவு நிம்மதியான மதியம் வேறு கிடைத்ததில்லை என்பதுதான் பிறகு அவருக்குத் தாங்கமுடியாமல் இருந்தது.

உள்ளே போனபோது கட்டிலில் அவள் இல்லை. கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவே இறங்கி, ஒரு கால் அடியில் மடங்கி, தலையணை முகத்துக்குப் பக்கத்தில் கிடக்க, கண் திறந்தபடி இருந்தாள். துணிப்பை பிய்ந்து வந்திருந்தது. பொத்தான் அவள் இடது கையில் இருந்தது.

இடுப்பு எலும்பு முறிந்திருந்தது. மகள் கடைசி பஸ்ஸைப் பிடித்து ஆஸ்பத்திரிக்கு வந்து சேர்ந்தாள். வந்ததும் கேட்டது ஒன்றுதான்.

"பட்டன் வேலை செய்யலையா?"

"செஞ்சுது. காலையில கூட எரிஞ்சுது. அவ அழுத்தலைம்மா. நான் லைட்டுக்கு எதிர்லயேதான் உக்காந்திருந்தேன்."

மகள் அம்மாவைப் பார்த்தாள். மருந்தின் மயக்கத்தில் அம்மா தூங்கிக்கொண்டிருந்தாள். மறுநாள் காலை, வெளியே தாழ்வாரத்து பெஞ்சில் அவரை உட்காரவைத்து, போனில் பெரிய எழுத்தில் அடித்துக் காட்டினாள். மற்றவர்கள் காதில் விழக்கூடாததை எல்லாம் அவள் அப்படித்தான் சொல்வாள்.

'பட்டன் கையிலேயே இருந்திருக்கு. அழுத்தலை. அம்மா வேணும்னே அழுத்தாம இருந்துட்டாங்களோப்பா? அவங்களுக்கு இப்படி இருக்கப் பிடிக்கலையோ?'

அவர் இரண்டு முறை படித்தார். போனைத் திருப்பிக் கொடுத்தார்.

மாற்றுத்துணி எடுக்க வீட்டுக்கு வந்தவர், பொத்தானை எடுத்து அழுத்தினார். விளக்கு எரியவில்லை. தூக்கிவாரிப் போட்டது. பிறகு நினைவு வந்து அழுத்திப் பிடித்தார். ஒன்று, இரண்டு. எரிந்தது.

கொஞ்ச நேரம் அந்த விளக்கையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு பூச்சியைச் சார்ஜரிலிருந்து பிடுங்கிக்கொண்டுபோய்க் கம்ப்யூட்டரில் செருகினார். திரையில் ஒரு வெற்றுப் பக்கத்தைத் திறந்து வைத்தார். குறித்து வைத்ததை எல்லாம், கம்ப்யூட்டரில் செருகினால், கீபோர்டு மாதிரி தானே டைப் அடிக்கும்படி எழுதியிருந்தார். வழக்கமான ஐந்து விநாடி எதுவும் நடக்கவில்லை. அப்புறம் வெற்றுப் பக்கத்தில் எண்கள் ஒவ்வொன்றாக வரத் தொடங்கின.

பழைய நாட்களின் எண்கள் முதலில் ஓடின. அவற்றின் முடிவில், விழுந்த அன்று காலை அவள் தண்ணீர் கேட்டு, விளக்கு எரிந்த 2.3. அதற்குக் கீழே மதியம். 1.1. 1.4. 0.9. 1.6. 1.8. அந்த 1.8-இல் அவர் விரலை வைத்தார். அதற்குப் பிறகு அவள் அழுத்தியது எதுவும் ஒன்றைத் தாண்டவில்லை. 0.7. 0.5. 0.6. 0.3. வரிசை இறங்கிக்கொண்டே போனது. சற்றுமுன் அவரே அழுத்திப் பார்த்த கடைசி இரண்டையும் தள்ளிவிட்டுப் பென்சிலால் எண்ணினார். அறுபத்து மூன்று. அவளுடைய கடைசி மூன்றும் 0.2.

யாருக்கும் இது தெரியப்போவதில்லை. பூச்சியில் புதிதாக எழுதினால் ஐந்து விநாடியில் எல்லாம் அழிந்துவிடும். பொத்தான் ஒயர் விட்டுப்போயிருந்தது, சரிசெய்துவிட்டேன் என்று சொன்னால் மகள் நம்பக்கூடும். இன்னொரு வாய்ப்புக்கூடக் கொடுக்கக்கூடும். அதையெல்லாம் அவர் நினைத்துப் பார்த்தார். பெஞ்சில் மகள் காட்டிய எழுத்துகளையும் நினைத்துப் பார்த்தார். ஒரு தாளில் அறுபத்து மூன்று எண்களையும் வரிசையாக எழுதி, மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, மாற்றுத்துணிகளோடு ஆஸ்பத்திரிக்குப் போனார்.

தாளை மகளிடம் கொடுத்தார்.

"என்னப்பா இது?"

"உங்க அம்மா அழுத்தியிருக்கா. அறுபத்து மூணு தடவை. நான்தான் ரெண்டு செகண்ட் பிடிச்சாத்தான் எரியணும்னு எழுதி வெச்சேன். அடிக்கடி எரிஞ்சுது. தொந்தரவா இருந்துச்சு."

மகள் தாளைப் பார்த்தாள். பரிசோதனை முடிவுகளைப் படித்துப் பழகிய கண். மேலிருந்து கீழே ஒருமுறை போய், கீழிருந்து மேலே ஒருமுறை வந்தது. அவள் திட்டுவாள் என்று எதிர்பார்த்தார். அவள் தாளை நான்காக மடித்துக் கைப்பையில் போட்டாள்.

"டிஸ்சார்ஜ் ஆனதும் எங்க வீட்டுக்கு வண்டி சொல்லட்டுமா?"

"சொல்லு."

மனைவி விழித்திருந்தாள். அவர் கட்டிலுக்குப் பக்கத்தில் ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டார். கேட்க வேண்டும் என்று நினைத்தது ஒன்று இருந்தது. கேட்காமல் இருந்தால் நல்லது என்றும் தோன்றியது. கேட்டுவிட்டார்.

"முதல் மாசம் நாளெல்லாம் லைட்டு எரிஞ்சுதே. கை நடுங்கிப் பட்டதா?"

அவள் கண்ணை மூடித் திறந்தாள். மறுபடி மூடித் திறந்தாள்.

அவர் போர்வை நுனியைச் சரிசெய்தார். அது ஏற்கெனவே சரியாகத்தான் இருந்தது.

டிஸ்சார்ஜ் ஆன அன்று, வண்டி புறப்படும் முன் பூச்சியையும் பொத்தானையும் விளக்குகளையும் ஒரு டப்பாவில் போட்டு மகளிடம் கொடுத்தார். அதில் இப்போது இரண்டு விநாடி இல்லை, ஒரு விநாடி இல்லை, எதுவும் இல்லை. விரல் பட்டால் எரியும்.

"எங்களுக்குக் காது கேக்கும்ப்பா."

"அவளுக்குப் பேச்சு வராதில்ல. வெச்சுக்க."

பத்து நாள் கழித்து, மேசையில் தட்டு வைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது சட்டைப்பையில் போன் அதிர்ந்தது. இப்போது மேசை முழுதும் காலியாக இருந்தது. மூடிய பிஸ்கட் டப்பா பரணில் இருந்தது. மகளின் செய்தி.

'அம்மாவுக்கு வலி பரவால்ல. சாப்பிடறாங்க. ஆனா அந்த பட்டனை நாள் பூரா சும்மா சும்மா அழுத்தறாங்க. போய்க் கேட்டா ஒண்ணும் வேணாங்கறாங்க. அத்தைக்கும் கஷ்டமா இருக்கு, தூங்க முடியல. செட்டிங் கொஞ்சம் மாத்த முடியுமா?'

கையைக் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தார். நிறைய எழுதினார். எழுதியதை எல்லாம் அழித்தார். மறுபடி எழுதியது இரண்டே வரி.

'மாத்தாதே. சும்மா அழுத்தினாலும் போய்ப் பாரு.'

அனுப்பிவிட்டு, அது போய்ச் சேர்ந்ததற்கான அடையாளம் வரும்வரை திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். வந்தது. பதில் வரவில்லை. அங்கே யாராவது எழுந்து அந்த அறைக்குப் போயிருக்கலாம். போகாமலும் இருந்திருக்கலாம். இங்கிருந்து அவருக்குக் கேட்க வழியில்லை.