காலடியில் கிடந்த கோணி

மறுநாள் மனைவிக்குக் கண் ஆபரேஷன். மலையிறங்கிச் செங்கம் போக வேண்டும். வீட்டு வாசலிலேயே பழைய காருக்குப் புது கிளட்ச் மாட்டினேன். வண்டியைக் கிளப்பினால் கியர் விழவே இல்லை. கிளட்ச் பிளேட்டை முன்பின்னாகத் திருப்பி மாட்டிவிட்டேனோ என்ற பயத்தில் கியர்பாக்ஸை மறுபடி இறக்கிப் பார்த்தேன். சரியாகத்தான் இருந்தது. திரும்ப ஏற்றி முடிப்பதற்குள் இடுப்பு விட்டுப்போனது.

மனைவி ஏறி உட்கார்ந்து கிளட்சை மிதித்தாள்.

"இன்னாங்க, இது முழுசா கீழ போவல. அடியில கோணி தடுக்குது."

சேறு படக்கூடாதென்று புளி மூட்டைக் கோணியை நான்தான் நாலாக மடித்துப் போட்டிருந்தேன். உருவியதும் கியர் விழுந்தது.

"ஆபரேஷன் எனக்கா, உங்களுக்கா?"

காலையில் கிளம்பும்வரை பத்துத் தடவையாவது கிளட்சை மிதித்துப் பார்த்தேன்.