மூன்றாய் அறுத்த கணக்குப் புத்தகம்

பேண்டேஜ் துணி சுற்றுவதில் கிருபாபாயை மிஞ்ச இராஜபாளையத்தில் அவள் தெருவில் ஆள் கிடையாது. பதினைந்து வயதுக்குப் பெரிய பேர்தான். அவள் ஆசைப்பட்டதோ பள்ளிக்குப் போகாமலே எட்டாம் வகுப்புப் பரீட்சையைத் தனியாக எழுதிப் பாஸானவள் என்ற பேருக்கு.

அப்பா செத்ததும் அம்மா ஜெயபாய் மூன்று பிள்ளைகளையும் பள்ளியை விட்டு நிறுத்தி, பேண்டேஜ் கம்பெனிக்காக வீட்டில் துணி சுற்ற உட்காரவைத்தாள். படிப்பை மட்டும் விடவில்லை. கம்பெனியின் காலி அட்டைப்பெட்டி மூன்றைச் சுவரோரம் வரிசையாக வைத்து, ஆளுக்கொரு சிலேட்டு, ஒரு நோட்டு, இரண்டு கட்டைப் பென்சில் போட்டாள். அடுத்தவன் பெட்டியைத் தொட்டால் முட்டியில் ஸ்கேல் விழும்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் பழைய கணக்குப் புத்தகம் ஒன்றுதான் கிடைத்தது. அதற்கு மூவரும் அடித்துக்கொண்டார்கள். ஜெயபாய் துணி வெட்டும் பிளேடால் அதை மூன்றாக அறுத்து, ஓரம் தைத்து, ஆளுக்கொரு துண்டாகப் பெட்டிக்குள் போட்டாள். முதல் துண்டு கிருபாவுக்கு. நடுத்துண்டு பொன்னுராஜுக்கு. கடைசித் துண்டு கடைக்குட்டி சோலைராஜுக்கு.

ஞாயிறுதோறும் தெருமுனைக் கடைக்கார ஐயாதுரை வந்து, அவரவர் துண்டில் பத்துக் கணக்குக் கொடுத்துத் திருத்துவார். கிருபா இரண்டு பக்கம் கிறுக்கி ஏழு வாங்குவாள். சோலைராஜ் ஒரு வரிகூடச் செய்து பார்க்காமல் பத்துக்குப் பத்து வாங்குவான். பிள்ளைக்கு மூளை தெறிக்கிறது என்று ஐயாதுரை மெய்மறந்து போவார்.

எண்பத்தேழில் எட்டாம் வகுப்புப் பரீட்சைக்கு விண்ணப்பம் போடும் நேரம் வந்தது. ஒரு ஆளைத்தான் வேலையிலிருந்து விடுவேன் என்று கம்பெனி ஏஜெண்ட் மொக்கைச்சாமி கறாராகச் சொல்லிவிட்டார். ஜெயபாய் விண்ணப்பத்தில் சோலைராஜ் பேரை எழுதினாள்.

அன்றைக்குக் கிருபா ஸ்கேலுக்குப் பயப்படவில்லை. தம்பி பெட்டியைத் திறந்து அவன் துண்டைப் புரட்டினாள். கடைசி நாலு பக்கம் முழுக்க விடைகள். அதை அம்மா முன்னால் கொண்டுபோய் நீட்டினாள்.

ஜெயபாய் சுற்றுவதை நிறுத்தவில்லை. “தெரியும்ட்டி. நாந்தான அறுத்தேன்.”

“பொறவு எதுக்கு எனக்கும் பெட்டி வச்சிய?”

“பெட்டி இல்லைன்னா அழுவ. ஒனக்குத் துணி சுத்த வருது. அவனுக்கு அதுவும் வரல.”

மறுநாளிலிருந்து சோலைராஜ் அவள் பின்னாலேயே திரிந்தான். ஒரு கணக்கும் தெரியாது, சொல்லிக்கொடு என்றான். மூன்று நாள் அழவிட்டாள். ‘தப்பே போடாத தொரைக்கு நான் என்ன சொல்லித்தர’ என்று குத்தினாள். நாலாம் நாள் அவன் சோறு வேண்டாம் என்று சுருண்டு படுத்துக்கொண்டான்.

“ஏலே, எந்தி,” என்றாள். “அழுதா கணக்கு வராது. என் துண்ட எடுத்து முதப் பக்கத்தப் பிரி.”

கை துணியைச் சுற்ற, வாய் கணக்கைச் சொன்னது. இரண்டு மாதம் இப்படியே போயிற்று. அவன் தட்டுத் தடுமாறிப் பாஸானான்.

கடை வாசலில் ஐயாதுரை, பையனை நல்லா ஆளாக்கிட்டிய என்று ஜெயபாயைப் பாராட்டினார். கிருபா பக்கத்தில்தான் நின்றாள். சோலைராஜ் வாயைத் திறந்தான். அவள் அவன் காலை அழுத்தி மிதித்தாள்.

அவன் ஒன்பதாம் வகுப்பில் சேர்ந்த அன்று, அவன் பங்குத் துணியையும் அம்மா அவள் பக்கம் தள்ளிவைத்தாள்.