மணல் தின்ற எஞ்சின்

காரில் மாட்டும் ஏர் ஃபில்டரைப் பற்றி யாராவது பெருமையாகப் பேசினால் இன்றைக்கும் எனக்கு வயிறு எரிகிறது. வண்டியோடு வந்ததைக் கழற்றிவிட்டு வெளியில் விற்பதை மாட்டினால் எஞ்சினுக்குப் புது பலம் வந்துவிடும் என்பார்கள். எங்கள் வீட்டில் அப்படி ஒன்றை மாட்டினார்கள். அதனால் எஞ்சினுக்கு என்ன வந்தது, எனக்கு என்ன போனது என்பதைச் சொல்லிவிடுகிறேன்.

எழுபதுகளின் நடுவில், பெட்ரோல் விலை ஏறிப்போய் கார் வைத்திருந்தவர்களெல்லாம் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு திரிந்த சமயம். தெற்கேயிருந்து வந்த அப்பாவுக்குத் தி.நகரில் ஜவுளிக்கடை, ராஜா அண்ணாமலைபுரத்தில் வீடு. மகன் கிடையாது. அக்காவைக் கட்டிக்கொடுத்தாகிவிட்டது. நான் திருவான்மியூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் பௌதிகம் நடத்திக்கொண்டிருந்தேன். அப்பாவுக்குக் கண்ணில் புரை விழுந்தது, டிரைவரும் ஊரோடு போய்விட்டார், அதனால் வேறு வழியில்லாமல்தான் கார் சாவி என் கைக்கு வந்தது. காலையில் அப்பாவைக் கடையில் இறக்கிவிட்டு, அடையாறு வழியாகப் பள்ளிக்கூடம் போவேன். புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு தனியாக ஓட்டிப்போகும் அந்த அரைமணி நேரம்தான் என் நாளில் எனக்கென்று இருந்தது. அப்பா ஒரே ஒரு நிபந்தனை வைத்திருந்தார். என்னால் வண்டிக்கு ஏதாவது கேடு வந்தால் சாவியைக் கொடுத்துவிட வேண்டும், பிறகு கேட்கவே கூடாது.

எங்கள் காரில் இருந்தது எண்ணெய் ஃபில்டர். பார்க்க ஒரு கறுப்பு இரும்புச் சட்டி, அவ்வளவுதான். அடியில் கொஞ்சம் எண்ணெய் இருக்கும். உள்ளே இழுபடும் காற்று அதன்மேல் பட்டுத் திரும்பும்போது தூசியெல்லாம் எண்ணெயில் தங்கிவிடும். மாதம் ஒரு முறை சேறாகிப்போன எண்ணெயைக் கொட்டிவிட்டுப் புதிது ஊற்ற வேண்டும். கை நாறும் வேலை. நான்தான் செய்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அத்தான், அதாவது அக்காவின் கணவர், அக்காவையும் கூட்டிக்கொண்டு ஒரு அட்டைப்பெட்டியோடு வந்தார். உள்ளே நிக்கல் பூசிப் பளபளவென்று உருண்டையாக ஒரு சாமான். சுற்றிலும் கம்பி வலை, வலைக்குள் மெல்லிய ஸ்பாஞ்சு.

"சிங்கப்பூர் சரக்கு மாமா. ரேஸ் வண்டிக்கெல்லாம் இதைத்தான் போடுதாங்க. எஞ்சின் நல்லா மூச்சு விடும். பெட்ரோலும் மிச்சம், வண்டியும் பிச்சிக்கிட்டுப் போகும்."

எங்கள் வீட்டில் மாப்பிள்ளை பேச்சுக்கு மறுபேச்சு கிடையாது. சாம்பாரில் உப்பில்லை என்று அவர் சொன்னால், சரியாக உப்பிருக்கிற சாம்பாரில் அம்மா இன்னும் ஒரு கை போடுவாள். நாங்கள் எல்லோரும் அதையே சாப்பிட்டு எழுந்திருப்போம். அக்காவுக்குக் கல்யாணமாகி நாலு வருஷமாகியும் குழந்தை இல்லை. அத்தானின் அம்மா ஜாடைமாடையாகப் பேசத் தொடங்கியிருந்தாள். அதனால் முன்பு மரியாதையாக இருந்தது இப்போது பயமாகிவிட்டது. அத்தான் முகம் கோணினால் அக்கா பெட்டியோடு திரும்பி வந்துவிடுவாள் என்று அப்பா நிஜமாகவே நடுங்கினார்.

இரும்புச் சட்டி பழைய இரும்புக்காரனிடம் போனது. புதியதை அத்தானே மாட்டி ஸ்டார்ட் செய்தார். வண்டி 'ஹோ' என்று இரைந்தது. அக்கா கைதட்டாத குறை. "கேட்டீங்களா மாமா, பவர்!" என்றார் அத்தான். சட்டிக்குள் அடங்கியிருந்த காற்றின் இரைச்சல் இப்போது வெளியில் கேட்கிறது, அவ்வளவுதான் விஷயம். பெரிய சத்தம் வந்தால் பெரிய பலம் இருக்கும் என்று ஆண்கள் எப்படித்தான் நம்புகிறார்களோ, எனக்கு இதுவரை விளங்கவில்லை.

நான் வாய்க்கு வந்ததைச் சொல்கிறவள் இல்லை, சோதித்துப் பார்த்தேன். அடையாறு பாலத்து ஏற்றத்தில் எந்த விளக்குக் கம்பத்தருகே வண்டி திணறி நான் கியரை மாற்றுவேன் என்பது எனக்குத் தலைகீழ்ப் பாடம். புது ஃபில்டர் போட்ட பிறகு ஒரு வாரம் பார்த்தேன். அதே கம்பம், அதே திணறல். பெட்ரோலும் அதே அளவுதான் குடித்தது. அடுத்த ஞாயிறு சாப்பாட்டின்போது இதைச் சொன்னேன். இந்த வலைக்குள் தூசி தங்காது, பள்ளிக்கூடத்துக்குப் போகிற கடைசி அரை மைல் கடற்கரை மணல், அது அப்படியே எஞ்சினுக்குள் போகும் என்றும் சொன்னேன். அத்தான் சிரித்தபடி அக்காவைப் பார்த்தார். அக்கா தலையைக் குனிந்துகொண்டாள்.

"படிச்ச திமிரைச் சாப்பாட்டுல காட்டாதே" என்றார் அப்பா.

நாலு மாதம் போனது. முதலில் எஞ்சின் எண்ணெய் குறைந்தது. பிறகு வண்டிக்குப் பின்னால் நீலப் புகை வந்தது. பள்ளிக்கூட வாசலில் பிள்ளைகள் "டீச்சர் வண்டி கொசு மருந்து அடிக்குதுடோய்" என்று கத்தினார்கள். ஒரு நாள் பாலத்து ஏற்றத்தில் பாதியிலேயே நின்றுவிட்டது. ஆள் பிடித்துத் தள்ளி, மந்தைவெளியில் ஒரு மெக்கானிக் ஷெட்டில் கொண்டுபோய் விட்டேன்.

மெக்கானிக் எல்லாவற்றையும் கழற்றிப் பரப்பிவிட்டு என்னைக் கூப்பிட்டார். "இன்னாம்மா இது, கொசுவலைய மாட்டிக்கினு கீறீங்க? எஞ்சினு மண்ணு துன்னு கீது. பிஸ்டன் ரிங்கெல்லாம் தேஞ்சி பூட்ச்சி."

எனக்கு மனதுக்குள் சந்தோஷம்தான். மறைப்பானேன்? இப்போதாவது நம்புவார்கள் என்று அப்பாவுக்குச் சொல்லியனுப்பினேன். அவர் அத்தானையும் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார்.

அத்தான் எஞ்சினை எட்டிக்கூடப் பார்க்கவில்லை. "பொம்பளைங்க ஓட்டினா இப்படித்தான் மாமா. நான் அன்னைக்கே நினைச்சேன்" என்றார். மெக்கானிக் ஃபில்டருக்கு அடுத்த குழாயை அப்பாவிடம் நீட்டினார். அப்பா உள்ளே விரலை விட்டு எடுத்தார். கண் சரியாகத் தெரியாவிட்டாலும் துணியைக் கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவில் தேய்த்தே எத்தனையாம் நம்பர் நூல் என்று சொல்லிவிடுகிற மனிதர் அவர். அதே மாதிரி அந்த மணலைத் தேய்த்தார், நிதானமாக, இரண்டு தடவை. பிறகு விரலை வேட்டியில் துடைத்துக்கொண்டார்.

"மாப்பிள்ளை சொல்லுதது சரிதான். இவளுக்குக் கிளட்ச்சுலயே காலை வச்சு ஓட்டுத பழக்கம்."

"கிளட்ச்சுக்கும் இதுக்கும் இன்னா சார் சம்பந்தம்?" என்றார் மெக்கானிக்.

"நீங்க உங்க வேலையைப் பாருங்க."

அன்று சாயங்காலம் அவர் கேட்பதற்கு முன் நானே சாவியை மேஜைமேல் வைத்தேன். எடுத்துக்கொள்ள மாட்டார் என்று ஒரு நப்பாசை. எடுத்து அலமாரியில் வைத்துப் பூட்டினார். அம்மா அடுப்படியை விட்டு வெளியே வரவே இல்லை. அடுத்த வாரத்திலிருந்து ஒரு டிரைவர் வந்தார். அப்பாவைக் கடைக்குக் கூட்டிப்போவதோடு அவர் வேலை முடிந்தது. நான் அடையாறுவரை ஒரு பஸ், அங்கே நின்று இன்னொரு பஸ் என்று போய், முதல் வகுப்புக்குப் பாதி நாட்கள் தாமதமாக நுழைந்தேன். உறவுக்காரர்கள் வந்தால், சின்னவள் ஓட்டியே எஞ்சினைக் காலி பண்ணிவிட்டாள் என்று அத்தான் கதை சொல்லுவார். அப்பாவும் கூடச் சேர்ந்து சிரிப்பார். அந்தச் சிரிப்பை நான் மன்னிக்கவில்லை.

சில மாதங்கள் கழித்து ஒரு காலை, டிரைவர் பேனட்டைத் திறந்து தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். பஸ்ஸுக்குக் கிளம்பிய நான் தற்செயலாக எட்டிப் பார்த்தேன். நிக்கல் சாமான் இல்லை. அந்த இடத்தில் கறுப்பாக ஒரு எண்ணெய் ஃபில்டர் உட்கார்ந்திருந்தது. எஞ்சின் வேலை முடிந்த அன்றைக்கே பெரியவர் போடச் சொல்லிவிட்டார், மாப்பிள்ளை காதுக்குப் போகக் கூடாது என்றும் சொன்னார் என்றார் டிரைவர்.

அப்பா கடைக்குப் புறப்பட்டு வாசலுக்கு வந்தார். திறந்திருந்த பேனட்டருகே நான் நிற்பது அவருக்கு அந்தக் கண்ணிலும் தெரிந்திருக்க வேண்டும். நின்றுவிட்டார்.

"அப்ப சாவியைக் குடுங்கப்பா" என்றேன்.

அவர் என் பக்கம் திரும்பவில்லை. "பேனட்டைத் திறந்தாத்தானேம்மா இது மாப்பிள்ளைக்குத் தெரியும். நீ ஓட்டினா தெருவுக்கே தெரியும்லா" என்றார். பின்சீட்டில் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டார்.